காவல் வளையத்துக்குள் நின்று அடிக்கலாமா

மகன், உறையின் மேலிருக்கும் எழுத்தைப் பார்த்து யாரோ சின்னப்பிள்ளை எழுதியதென்று நினைத்திருப்பாய். நான்தான் எழுதினேன். நான் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதியதல்ல, ஒவ்வோர் எழுத்தும் என் கை. நம் ஊர்ப் பாலர் பாடசாலை ரீச்சர், பிள்ளைகள் போன பிறகு பின்னேரங்களில் எனக்குச் சொல்லித் தருகிறா. அங்கேயிருக்கும் கதிரைகள் என் முழங்கால் உயரம்கூட இல்லை. காலமெல்லாம் வாவியில் வலை வீசிய உடம்பை அதில் மடித்து வைத்துக்கொண்டுதான் படித்தேன். "ஐயா, பேனையத் துடுப்புப் பிடிக்கிற மாதிரிப் பிடியாதீங்க" என்று ரீச்சர் சிரிப்பா. இப்போது கடைப் பலகை, பஸ்ஸின் நெற்றியில் போட்டிருக்கும் ஊர்ப்பெயர், பிஸ்கட் உறை, சுவரில் ஒட்டிய மரண அறிவித்தல் எதையும் விடுவதில்லை. செத்தவர் யாரென்று தெரியாவிட்டாலும் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் நகருகிறேன். நீ சுவிஸிலிருந்து போன் எடுக்கும்போது இதையெல்லாம் சொல்லப் பார்ப்பேன். உன் பின்னால் சமையலறைப் பாத்திரச் சத்தம் கேட்கும். நீ "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்பாய். நான் பாதியில் விட்டுவிடுவேன். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நான் முடிக்கும் வரைக்கும் நீ ஓம் சொல்ல முடியாது.

நான் முதலில் வாசித்துப் பழகியது எதை என்று நினைக்கிறாய்? உன் விளையாட்டுக் கொப்பிகளை. வீட்டில் உன் கையெழுத்து என்று இருந்தது அவைதான். சுனாமியாய்க் கடல் வந்த வருடம் முகாமில் இருந்தபோது வேலை செய்ய வந்த வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி, போகும்போது அந்த ஆங்கிலப் புத்தகத்தையும் பல முகமுள்ள தாயக்கட்டைகளையும் உன்னிடம் விட்டுப்போனா அல்லவா? நீ அதைத் தமிழில் எழுதிக்கொண்டு கூடாரத்துக்குள் கூட்டாளிகளோடு குந்தியிருப்பாய். ஒருவன் நடுவர். மற்றவர்கள் ஆளுக்கோர் ஆளை மனதில் உண்டாக்கி அவனாகவே பேசுவார்கள். நடுவர், "முன்னால் ஒரு பாலம் கிடக்கு" என்பான். அவரவர் தன் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்ல வேண்டும். முடியுமா என்று சந்தேகம் வந்தால் கட்டையை உருட்டிப் பார்ப்பது. எல்லோருடைய முறையும் வந்து முடிந்தால் ஒரு சுற்று. நான் விளங்கிக்கொண்டது சரிதானே? அன்றைக்கு எனக்கு இது ஒன்றும் தெரியாது. மந்திரம், காவல், கட்டு என்று நீங்கள் கதைப்பது மட்டும் காதில் விழும். கொப்பியைத் திறந்தால் வட்டங்களும் கட்டங்களும். பயந்துபோய், உனக்குத் தெரியாமல் அதை ஒரு மந்திரவாதியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நம்மட ஊர் வேலை இல்ல. மலையாளத்து வேலை. கைவைக்கப் பயமாக் கிடக்கு" என்றார். அதனால்தான் அந்த வாரம் உன் கையில் நூல் கட்டிவிட்டேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தா. "புள்ள வெளையாடுது. நீங்க அதத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் திரியிறீங்க" என்றா. இப்போது அந்த வட்டத்தைப் பார்த்தேன். கீழே "கிணறு" என்று எழுதியிருக்கிறாய்.

அம்மா போன பிறகு வீட்டுக்குள் இருக்கப் பிடிக்காமல் வாவிக் கரையில் வலை வைக்கும் நம் வாடியில்தான் பகலைக் கழிக்கிறேன். அங்கே இருந்து கொப்பியைச் சத்தமாக வாசிப்பேன். உனக்குத் தெரிந்த கணபதி, வவுணதீவில் என்னோடு நெல் வேளாண்மை வெட்டியவன், ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் பார்க்க வருவான். மகளை வன்னியில் கலியாணம் முடித்துக் கொடுத்தவன். பாதுகாப்பான இடம், அங்கே போங்கள் என்று சொன்ன இடத்துக்குள் போய் நின்றுதான், கடைசிச் சண்டையில் மகளும் அவளுடைய சின்னப்பிள்ளையும் இல்லாமல் போனார்கள். அவன் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. அவனோடு காத்தான்குடி மீராசாய்பும் வருவார், அண்ணன் முறையில் நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவர். சைக்கிளில் சீலை கட்டிக்கொண்டு நம் ஊருக்கெல்லாம் வந்து விற்றவர். கடல் வந்த காலையில் அவர் ஓட்டமாவடிக்கு வியாபாரத்துக்குப் போயிருந்தார். மனைவி வீட்டில் இருந்தா. திரும்பி வந்தபோது வீடும் இல்லை, மனைவியும் இல்லை. இரண்டு பேரும் நான் எழுத்துக்கூட்டி வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் மீராசாய்பு, "வாசிச்சு வாசிச்சு என்ன செய்யிற அண்ணே, வெளையாடிப் பாப்பம்" என்றார். நடுவர் நான்தான். வேறு யாருக்கும் வாசிக்கத் தெரியாது என்பதால் அல்ல. கொப்பி என்னுடையது.

நாங்கள் விளையாடுவதை நீ பார்க்க வேண்டும். கணபதியின் ஆள் ஒரு ஈட்டிக்காரன். எந்த ஊருக்குள் போனாலும் அவன் கேட்கும் முதல் கேள்வி, "மச்சான், இஞ்ச வேளாண்மை வெட்டியாச்சா?" கதையில் அது இல்லையடா என்றால், "இல்லாட்டி உண்டாக்கு. நீதானே நடுவர்" என்பான். மீராசாய்பின் ஆள் வண்டிக்கார வியாபாரி. வாளை உருவவே மாட்டான். காட்டுக்குள் அரக்கன் வந்து நின்றபோதும் விலை பேசத்தான் பார்த்தார். "ஏன், அவனுக்கும் பொஞ்சாதி இரிப்பாதானே? அவக்கு ஒரு சீலை தேவப்படாதா?" கட்டையை உருட்டினோம். அரக்கனுக்குப் பெண்சாதி இல்லை என்று ஆகிவிட்டது. அன்று நாங்கள் சிரித்த சிரிப்பில் வாவியில் தோணி வலித்துப் போனவர்கள் நின்று பார்த்தார்கள். இந்த வயதில் எனக்கு இப்படியொரு பிடி கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. திங்கள் முதல் சனி வரைக்கும் நான் யாரோடும் பெரிதாகப் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன கதை சொல்வது என்று மட்டும் யோசித்துக்கொண்டு மீன் கழுவுவேன்.

இதுதான் உடையப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அரக்கன் ஓர் ஊரை எரித்துவிட்டான். பாலத்துக்குக் கீழே ஒளிந்திருந்த ஒரு சின்னப் பெண்பிள்ளையை ஈட்டிக்காரன் கண்டுபிடித்தான். அரக்கன் நெருங்கிவிட்டான், வண்டிக்காரன் மரத்தில் ஏறிவிட்டான். ஈட்டிக்காரனுக்கு ஏற்கெனவே பலத்த காயம், இன்னோர் அடி விழுந்தால் ஆள் முடிந்தான். கணபதி பிள்ளையையும் உள்ளே நிறுத்திக் காவல் வளையம் போட்டான். நீ எழுதிய விதி இவ்வளவுதான்: "நிலத்தில் கையால் வளையம் கீறி அதற்குள் நிற்க வேண்டும். மூன்று சுற்று முடியும் வரை வெளியிலிருந்து வரும் எந்த அடியும் உள்ளே நிற்பவர்களைத் தொடாது." அதற்குமேல் ஒன்றும் இல்லை. பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் குதிரையின் விதிகளுக்குப் போய்விட்டாய்.

"அப்ப நான் உள்ள நிண்டு ஈட்டியால குத்துறன்" என்றான் கணபதி. மூன்று முறை குத்தினால் அரக்கன் விழுவது நிச்சயம்.

"அது எப்பிடி? அவன் உன்னத் தொடேலாது, நீ அவனக் குத்தலாமா? நல்ல நியாயம்" என்றார் மீராசாய்பு.

"காக்கா, வெளியால இருந்து வாற அடி உள்ள வராது எண்டுதான் எழுதியிரிக்கி. உள்ள இருந்து போற அடியப் பத்தி ஒண்டும் இல்ல. இல்லாததத் தடுக்கேலாது."

"இல்லாததச் செய்யவும் ஏலாது."

"நீங்க மரத்தில ஏறிக் குந்திக்கொண்டு சட்டம் பேசுறீங்க."

"மரம் ஏறப்படாதெண்டு எங்கயும் எழுதல்லயே."

நான் சிரித்தேன். அது பிழையாகப் போயிற்று. கணபதி சிரிக்கவில்லை. முகம் கறுத்துவிட்டது. சேர்ட்டை எடுத்துப் போட்டுக்கொண்டே, "மச்சான், நீ சொல்லு. குத்தலாமா ஏலாதா? இவன் செத்தா நான் இனி வேற ஆள் செய்யமாட்டன். மறுகா வரவும் மாட்டன்" என்றான். அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்று தவணை வாங்கிக்கொண்டேன். உனக்குப் போன் எடுத்தது அன்றைக்குத்தான். "அப்பா, நீங்கதான் நடுவர். நீங்க சொல்றதுதான் சட்டம். நான் மறுகா எடுக்கிறன்" என்று வைத்துவிட்டாய். கோபிக்கவில்லை மகன். உனக்கு அடுப்பில் வேலை. ஆனால் விதி எழுதியவனே கைவிட்டபிறகு அந்த வாரம் எனக்கு நீளமாக இருந்தது. கணபதி வராவிட்டால் மீராசாய்பும் எனக்காக மட்டும் பஸ் ஏற மாட்டார். விளையாட்டு இல்லாத இரண்டு கிழவர்கள் என்னத்தைப் பேசுவது. குத்தலாம் என்று ஒரு சொல் சொன்னால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஆனால் அது என் தனிமைக்கு நான் சொல்லும் தீர்ப்பு. மீராசாய்புக்கு உடனே விளங்கிவிடும். கணபதிக்கும் ஒருநாள் விளங்கும்.

கொப்பியில் இல்லாததை வேறெங்கே தேடுவது? எனக்குத் தெரிந்த காவல்களில் தேடினேன். களவெட்டியில் நெற்கதிரைப் போட்டுச் சூடு மிதிக்கும்போது நெல்லுக்குக் காவல் பண்ணி வைப்பார்கள் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். அதற்குள் செருப்போடு போகக் கூடாது. "இல்லை" என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. நெல்லைக்கூட நெல் என்று சொல்லாமல் பொலி என்றுதான் சொல்ல வேண்டும். நானும் கணபதியும் இளந்தாரிகளாக இருந்த காலத்தில் ஒருநாள் அவன் இன்னொருவனோடு கொளுவி, வைக்கோல் உதறும் கம்பைத் தூக்கிவிட்டான். போடியார் ஏசவில்லை. காணிக்காரர் என்ற அதட்டலும் இல்லை. இரண்டு பேரின் கையையும் பிடித்து வரம்புக்கு வெளியே கொண்டுபோய் விட்டார். "அடிபடுறதெண்டா இஞ்ச நிண்டு அடிபடுங்க. உள்ள ஏலா" என்றார். வெளியே வந்தபிறகு இரண்டு பேருக்கும் அடிபட மனம் வரவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார்கள். இது ஒரு காவல். ஆனால் அது நெல்லுக்குப் போட்டது. அரக்கனுக்கு முன்னால் நிற்கிற ஒருவனிடம் போடியாரின் நியாயத்தைச் சொல்வது சரியா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

பிறகு அந்தப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. நீயும் இருந்தாய். அறுவடைக்காகக் குடும்பத்தோடு வாவிக்கு அப்பால் படுவான்கரையில் தங்கியிருந்தபோது ஷெல் விழத் தொடங்கி, சனங்களோடு சனமாக நாமும் அதற்குள் ஓடினோம். கூரையில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. ஆயுதத்தோடு கொஞ்சப் பேர் வந்து முற்றத்தில் நின்று சுடப் பார்த்தார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் என்பது இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லை. ஆண்கள் நாங்கள் குனிந்துகொண்டோம். அம்மாதான் எழும்பிப் போனா. "தம்பி, இதுக்குள்ள நிண்டு சுடாதீங்க. நீங்க சுட்டுப்போட்டு ஓடிருவீங்க. திருப்பி வாறது எங்கட புள்ளையளுக்கு மேலதான் விழும்." அவர்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வரம்புப் பக்கம் போய்விட்டார்கள். போகும்போது ஒருவன், துவக்குத் தூக்குவானா என்று உன்னை மேலிருந்து கீழ் கண்ணால் அளந்தான். நான் அதைக் கண்டேன். உன்னை அனுப்பிவிட வேண்டும் என்று அந்த முற்றத்தில் வைத்துத்தான் முடிவெடுத்தேன். காரணத்தை உனக்குச் சொன்னதில்லை. நீ கேட்டதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். கணபதி பாயின் ஓரத்தில் மட்டும் இருந்தான். நான் எழுதி வைத்ததை வாசித்தேன். "உள்ளே நின்று குத்தலாம். ஆனால் ஈட்டி கோட்டைத் தாண்டிய உடனே வளையம் அழியும். குத்தியவனுக்கு மட்டும் இல்லை, உள்ளே நிற்கிற எல்லோருக்கும்."

கணபதி என்னைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எல்லாருக்குமா?" என்று கேட்டான். எல்லாருக்கும்தான் என்றேன். கணபதி கட்டையைக் கையில் எடுத்து, திரும்பவும் கீழே வைத்தான்.

"அப்ப நான் குத்தல்ல. வெளிய வாறன். வந்து நிண்டு அடிபடுறன். புள்ள உள்ள நிக்கட்டும்."

அடிப்பதைப் பற்றி ஒரு வாரம் யோசித்தேனே தவிர, இதை நான் யோசிக்கவே இல்லை. "கீறினவன் வெளிய போனா வளையம் நிக்குமா மச்சான்?" என்று கேட்டான். கொப்பியைத் திறந்தேன். இல்லை என்று தெரிந்துகொண்டே விரலை வைத்து வரிவரியாகத் தேடினேன். மீராசாய்புதான் சொன்னார். "நிக்கும்."

"எங்க எழுதியிரிக்கி காக்கா?" என்றேன்.

"எழுதத் தேவல்ல. கீறினது நிலத்தில. அவன்ட காலில இல்ல."

கடல் வந்த அன்று வெளியூரில் நின்ற மனிதர் அதைச் சொன்னார். நான் மறுக்கவில்லை. நிற்கும் என்று கொப்பியில் அந்த இடத்திலேயே எழுதிவிட்டேன். ஈட்டிக்காரன் வெளியே வந்தான். முதல் சுற்றில் அவனும் குத்தினான், அரக்கனின் அடி தவறிப்போனது. இரண்டாவது சுற்றில் விழுந்தான். மூன்றாவது சுற்றில் வண்டிக்காரன் மரத்திலிருந்து குதித்தான். மீராசாய்பு விலை பேசவில்லை. கட்டையும் அவருக்கு நல்ல முகமாக விழுந்தது. அரக்கன் முடிந்தான். பிள்ளை வளையத்துக்குள் நின்றாள். கணபதி எழும்பிப் போய்விட்டான். பஸ் வரும் பக்கம் பார்க்காமல் நடந்தே போனான்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. மீராசாய்பும் வரவில்லை. பாயை விரித்துக் கட்டைகளைக் கழுவித் துடைத்து வைத்துக்கொண்டு நான் இருந்தேன். மகன், சரியான தீர்ப்புச் சொன்னால் மனம் நிறையும் என்று நினைத்திருந்தேன். நிறையவில்லை. வாடி காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் மாற்றிச் சொல்லியிருக்கலாம் என்று ஒரு தடவையும் தோன்றவில்லை. உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி இருக்குமானால் இதுதான். உன் வீட்டிலும் உன் வேலையிலும், எழுதி வைக்காத இடங்கள் வரும். அப்போது உனக்கு எது வசதி என்று பாராதே. அந்தக் கோட்டுக்குள் வேறு யார் நிற்கிறார்கள் என்று பார். பார்த்துச் சொன்னபிறகு யாரும் வந்து உன் பக்கத்தில் இருக்கப்போவதில்லை. அதையும் தெரிந்துகொண்டே சொல். உன்னைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்த நாளில் அம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நீ உயிரோடு இருக்கிறாய் என்பது மட்டும்தான் எங்கள் கையில் மிஞ்சியது. அது எனக்குப் போதும் என்று பொய் எழுத மாட்டேன். ஆனால் அந்த பஸ்ஸை நான் ஒரு நாளும் திருப்பிக் கூப்பிட நினைத்ததில்லை.

அதற்கடுத்த ஞாயிறு, வெயில் ஏறிய பிறகு, இரண்டு பேரும் ஒன்றாக வந்து இறங்கினார்கள். மீராசாய்பு வவுணதீவில் கணபதியின் வீடு வரைக்கும் போய்க் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். என்ன சொல்லிக் கூப்பிட்டாரோ, இருவருமே சொல்லவில்லை. கணபதி பாயில் நன்றாக உள்ளே தள்ளி இருந்தான்.

"அந்தப் புள்ள இப்ப எங்க நிக்கிது?"

"வளையத்துக்குள்ளதான்."

"இன்னுமா?"

"நாம வெளையாடல்லயே மச்சான்."

அவன் கட்டையைக் கையில் எடுத்தான். "அப்ப நான் அவளா வாறன். ஆராச்சும் வெளிய கூட்டிக்கொண்டு வரத்தானே வேணும். புள்ளைக்குப் பசிக்கும்" என்றான்.

உன் கொப்பியில் வாளின் பாரம் இருக்கிறது, குதிரையின் ஓட்டம் இருக்கிறது, பாம்பின் விஷம் எத்தனை சுற்று நிற்கும் என்பது இருக்கிறது. சின்னப்பிள்ளைகளுக்கு ஒரு விதியும் இல்லை. எழுதும்போது நீயே பிள்ளை, உனக்குத் தோன்றியிருக்காது. அதனால் புதுப் பக்கம் ஒன்றில் நான் தொடங்கியிருக்கிறேன். முதலாவது, பிள்ளை பசிக்கிறது என்றால் யாருடைய முறையாக இருந்தாலும் எல்லோரும் நிற்க வேண்டும். மீராசாய்பு தர்க்கம் பண்ணாமல் ஒப்புக்கொண்ட விதி இது ஒன்றுதான். இரண்டாவதில் நின்றுவிட்டோம். ஆறு வயதுப் பெண்பிள்ளை எவ்வளவு தூரம் நிற்காமல் ஓடுவாள், மரம் ஏறுவாளா, இருட்டுக்குப் பயப்படுவாளா, முன்பின் தெரியாத கிழவர்கள் கையை நீட்டினால் பிடிப்பாளா என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. உன் மகளுக்கு இப்போது அந்த வயதுதான். அவளை நான் போன் கண்ணாடியில் முகம் மட்டும் கண்டிருக்கிறேன். அவளிடம் கேட்டு எழுது. உன் கடிதம் வர நாள் எடுக்கும், தெரியும். அதுவரைக்கும் பிள்ளையைப் பாலத்தடியில் வண்டி நிழலில் இருத்தி வைத்திருக்கிறோம். மீராசாய்பு தன் மூட்டையை அவிழ்த்து அவளுக்குச் சீலை காட்டிக்கொண்டிருக்கிறார்.